அந்த வருஷம் எறிந்த ஒரே பந்து

மெஸ்கிட் ஃபோர்க் என்கிற ஊரில் மழை பொய்த்தால் ஜெபம் செய்வார்கள். பருத்தி விலை இறங்கினால் முணுமுணுப்பார்கள். பள்ளிக்கூடத்துப் பையன்கள் வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் தோற்றால் மட்டும் கூட்டம் போடுவார்கள். ஆட்டத்துக்குப் பெயர் கால்பந்து. பந்து முட்டை மாதிரி இருக்கும். கையால் எறிந்து, கையால் பிடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள். பெயருக்கும் காரியத்துக்கும் என்ன சம்பந்தம் என்று டெக்சஸில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஊரை விட்டுப் போக வேண்டியதுதான்.

கூட்டம் போடுவது பைசன் ஆதரவாளர் மன்றம்; பைசன் என்பது பள்ளிக்கூட அணியின் பெயர். தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற சாப்பாட்டுக் கூடத்தில், திங்கட்கிழமை சாயங்காலம் கூடும். தலைவர் மிஸ்டர் ஹார்லன் டவ்டி. ஊரில் இருக்கிற ஒரே ஈமச்சடங்குக் கூடம் அவருடையது. கடைசியில் எல்லோரும் அவரிடம்தான் போய்ச் சேர வேண்டும் என்பதால் மன்றத் தேர்தலில் அவரை யாரும் எதிர்த்து நின்றதில்லை.

மன்றத்தில் பேசுவதற்கு ஒரு முறை உண்டு. வருகிறவர் ஒவ்வொருவரும் ஒரு பண்டம் சமைத்துக்கொண்டு வர வேண்டும். பண்டத்தின் தகுதிப்படிதான் பேச்சு. புகை போட்டு வேகவைத்த மாட்டிறைச்சி கொண்டுவந்தவர் முதலில் பேசலாம். அடுத்தது கோழி, அதற்குப் பிறகு பாலாடைக்கட்டி தூவிச் சுட்ட உருளைக்கிழங்கு, அப்புறம் அவரை விதை, கடைசியில் இனிப்பு. கடையில் வாங்கியதற்கு வாய் கிடையாது. வாசலில் மிஸ் ஐடா நின்று மூடியைத் திறந்து பார்த்துத் தீர்ப்புச் சொல்லுவாள். இந்த முறையால் ஊரில் பந்து ஞானம் வளர்ந்ததோ இல்லையோ, சமையல் நன்றாக வளர்ந்தது.

டெல்மர் ஹாஸ்கெட் முதல் தடவை மன்றத்துக்கு வந்தபோது கையில் ஒரு பன் பொட்டலம்தான் இருந்தது. பருத்தி அரைக்கிற ஜின்னிங் மில்லில் வேலை. அரைநாள் பஞ்சைத் தின்றுவிட்டு வந்தவன் போல இருந்தான். மிஸ் ஐடா பொட்டலத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"என்ன தம்பி, பன்னா? ரெட்டா இருந்தா பீச் பழம் சுட்டு அனுப்பியிருப்பா."

"ரெட்டா இருக்கா, மிஸ் ஐடா. பராமரிப்பு விடுதியில இருக்கா."

"அதைத்தான் நானும் சொல்றேன். போய் உக்காரு. சாப்பிட மட்டும் வாயைத் திற."

அவன் வந்த காரணம் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அவன் மனைவி ரெட்டாவுக்குப் போன மாசி வாக்கில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. கண்ணும் மங்கல். காது மட்டும் பழுது இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் தலைமாட்டில் ரேடியோவை வைக்கச் சொல்லி ஊர் ஆட்டத்தைக் கேட்பாள். அவர்கள் பையன் வெஸ் அந்த அணியில் ஆடுகிறான். தூரமாக ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்க வேண்டியவன் அவன். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு இது கடைசி வருஷம். ரேடியோவில் ஆட்டம் சொல்லுகிற கிம்பிரோ, பந்தைத் தொட்டவன் பெயரைத்தான் சொல்லுவார். வெஸ்ஸுக்கு யாரும் பந்து எறிவதில்லை. அதனால் அவன் பெயர் வருவதில்லை.

"பேர்... வரலியே," என்பாள் ரெட்டா, ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும்.

"அடுத்த வாரம் வரும்," என்பான் டெல்மர்.

வாரங்கள் போய்க்கொண்டிருந்தன. பெயர் வரவில்லை. அதைத்தான் கேட்க வந்தான்.

அந்தப் பையனுக்குப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது கோச் அல்ல, ரெட்டாதான். டெல்மர் எறிந்தால் பந்து கோழிக்கூட்டின் மேல் போய் விழும். ரெட்டாவுக்கு வலது கை அப்படி ஒரு கை. பையன் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுவான். "இப்ப" என்று ஒரு சத்தம் கொடுப்பாள். அவன் திரும்பினால் பந்து முகத்துக்கு நேரே வந்திருக்கும். தாயும் பிள்ளையும் இருட்டும் வரை அதையே செய்துகொண்டிருப்பார்கள், அடுப்பில் சோளரொட்டி கருகும்.

அன்றைக்கு மன்றத்தில் விவாதம், நம் அணியின் எறி ஆட்டம் ஏன் எடுபடவில்லை என்பது. பல் டாக்டர் லைல் பாமர் மாட்டிறைச்சி கொண்டுவந்திருந்தார். எழுந்தார்.

"எறியறதுல ஒரு குறையும் இல்லை. எறியற பையன் டாஸன் என் தங்கச்சி மகன், அதுக்காகச் சொல்லலை. குறை பிடிக்கறவங்ககிட்ட. பிடிக்கற திறமையே இந்த ஊர்ல இல்லை. இந்த வருஷம் நம்ம பசங்க எத்தனை பந்து பிடிச்சாங்க? சொல்லுங்க பாப்போம். ஒண்ணுகூட இல்லை."

கோழி கொண்டுவந்திருந்த ஒருவர் கேட்டார். "நாம எத்தனை எறிஞ்சோம், டாக்டர்?"

"பிடிக்கத் தெரியாதவனுக்கு எப்படிய்யா எறியறது?"

கூட்டம் இதை மென்றபடியே யோசித்தது. சரி என்றுதான் பட்டது. அடுத்து கோச் ஸ்ட்ரிங்கர் எழுந்தார்.

"முப்பது வருஷ அனுபவத்துல சொல்றேன். பந்து நம்ம கக்கத்துல இருக்கற வரைக்கும்தான் நம்ம பந்து. எறிஞ்சா அது காத்தோட பந்து. காத்தை நம்பி நான் குடும்பம் நடத்தறதில்லை."

அந்த முப்பது வருஷத்தில் எத்தனை ஜெயித்தீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அவர் கொண்டுவந்ததும் மாட்டிறைச்சிதான். டெல்மர் பன்னைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனான்.

அடுத்த திங்கட்கிழமை சுவரில் வெள்ளைத் துணி கட்டி, போன ஆட்டத்தைப் படமாகப் போட்டார்கள். டெல்மர் அவரை விதை வேகவைத்து, அது அடிப்பிடித்துப்போய், மறுபடியும் பன்னோடு வந்திருந்தான். துணியில் வெஸ் ஓடினான். வலது ஓரத்தில் தன்னந்தனியாக நின்றான். எதிராளி ஒருவன்கூடக் கூப்பிடு தூரத்தில் இல்லை. திரும்பிப் பார்த்தான். கையைத் தூக்கினான். தூக்கின கை தூக்கினபடியே இருக்க, டாஸன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆள் கும்பலுக்குள் போய் விழுந்தான்.

"அந்தப் பையன் யாருக்குக் கை காட்டறான்?" என்றார் மிஸ்டர் டவ்டி.

"கூட்டத்துக்கு டாட்டா காட்டறான் போல," என்றார் டாக்டர். "திரும்பித் திரும்பிப் பாக்கறான் பாருங்க. திரும்பினா வேகம் குறையும். வேகம் இல்லைன்னா எதிராளி துரத்த மாட்டான். எதிராளிக்கே அவன்மேல நம்பிக்கை இல்லை, நாம எப்படி வைக்கறது?"

பிடிக்கிற பையன்கள் ஓடும்போது தலையைத் திருப்பக் கூடாது, கையைத் தூக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். பன்னுக்கு வாய் இல்லை என்றாலும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்ப்போம் என்று டெல்மர் கையைத் தூக்கினான். அந்த நேரம் பார்த்துத்தான் மிஸ்டர் டவ்டி கைகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"டெல்மரும் ஆதரிக்கறார். பையனைப் பெத்தவரே ஆதரிக்கறார். இதைவிட வேறென்ன வேணும்?"

எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவர் டெல்மரின் முதுகைத் தட்டிக்கொடுத்து, "பெரிய மனசு உனக்கு," என்றார். தூக்கின கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் டெல்மர் அதைக் கொண்டு தலையைச் சொறிந்தான்.

மன்றம் தீர்மானம் போட்டால் சும்மா விடாது. கால்நடை டாக்டரிடம் சொல்லி, நாய் புண்ணை நக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டுகிற பிளாஸ்டிக் கூம்பு வரவழைத்தார்கள். பயிற்சியில் பிடிக்கிற பையன்களுக்கு அதை மாட்டி ஓடவிட்டார்கள். திரும்பினால் கூம்பு தோளில் இடித்தது. டெல்மர் வேலி ஓரம் நின்று பார்த்தான். வெஸ் ஓடினான், கூம்புக்குள் முகம் வியர்த்து, நேரே பார்த்துக்கொண்டு.

"கழுத்து வலிக்கலையாடா?" என்று வீட்டுக்குப் போகும்போது வண்டியில் கேட்டான்.

"மொதல்ல வலிச்சுது. இப்ப பழகிடுச்சுப்பா. திரும்பணும்னே தோணறதில்லை."

அதோடு விட்டார்களா? இல்லை. பிடிக்கும் திறமையை விஞ்ஞான முறையில் ஆராய வேண்டும் என்று பல் டாக்டருக்குத் தோன்றிவிட்டது. பல் அச்சு எடுக்கிற மாவில் பையன்களின் கைகளை அமுக்கி வைத்து, சுண்ணாம்புக் கைகள் வார்த்தெடுத்தார். அடுத்த கூட்டத்தில் உருளைக்கிழங்குக்கும் இனிப்புக்கும் நடுவில் கைகள் வரிசையாக நின்றன. ஆளுக்கொரு கையை எடுத்துத் தட்டிப் பார்த்தார்கள், பூசணிக்காய் வாங்குகிறவர்கள் மாதிரி.

"இந்தக் கட்டைவிரலைப் பாருங்க. இதுக்கு ஆசையே இல்லை," என்றார் டாக்டர். அது வெஸ்ஸின் கட்டைவிரல். "ஆசை இல்லாத கட்டைவிரலுக்குப் பந்து தங்காது."

ஆராய்ச்சி முடிந்ததும் கைகளைப் பெற்றோரிடமே கொடுத்துவிட்டார்கள். டெல்மர் அதைச் செய்தித்தாளில் சுற்றி ரெட்டாவிடம் கொண்டுபோனான். அவள் இடது கையால் ஒவ்வொரு விரலாகத் தடவினாள். கட்டைவிரலில் வந்து நின்றாள்.

"என் விரல்," என்றாள். "என்... விரல் மாதிரியே."

அதற்குப் பிறகு அந்தக் கை அவள் போர்வைக்குள்ளேயே இருந்தது. தாதிகள் துணி மாற்றும்போது எடுத்து வைத்துவிட்டுத் திரும்பக் கொடுப்பார்கள்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின திங்கட்கிழமை டெல்மர் ரெட்டாவிடமே கேட்டு அவரை விதை சமைத்தான். அவள் சொன்னதில் மூன்று வார்த்தைக்கு ஒரு வார்த்தைதான் புரிந்தது; ஆனால் "உப்பு கடைசில" என்பது நன்றாகப் புரிந்தது. மிஸ் ஐடா மூடியைத் திறந்தாள். ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டாள்.

"வாய் உண்டு," என்றாள்.

முறை வந்ததும் டெல்மர் எழுந்து நின்றான். தொப்பியைக் கையில் வைத்துத் திருகினான்.

"எனக்கு ஆட்டத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீங்க எல்லாரும் தெரிஞ்சவங்க. என் பொண்டாட்டி படுத்த படுக்கையா ரேடியோ கேக்கறா. பையன் பேரு ஒரே ஒரு தடவை வரணும்னு காத்துக்கிட்டு இருக்கா. வெள்ளிக்கிழமையோட அவன் ஆட்டம் முடிஞ்சுது. ஒரு பந்து எறியச் சொல்லுங்க. ஜெயிக்கணும்னு கேக்கலை. ஒரு பந்து."

மிஸ்டர் டவ்டி மடித்த கைக்குட்டையை எடுத்தார். அவர் தொழிலில் அது எப்போதும் மடித்தபடி தயாராக இருக்கும். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த ஊர் துக்கமெல்லாம் என் கை வழியாத்தான் போயிருக்கு, டெல்மர். உங்க துக்கம் எனக்குப் புரியுது. ஆனா கொள்கைன்னு ஒண்ணு இருக்கே. ஒருத்தருக்கு எறிஞ்சா எல்லாரும் கேப்பாங்க. அப்புறம் இது எறியற ஊர்னு ஆயிடும்."

ரொம்ப நேரம் விவாதித்தார்கள். கடைசியில் அதைக் கருணை என்று சொல்லாமல் சோதனை என்று சொல்லலாம் என்று டாக்டர் வழி சொன்னார். கடைசி ஆட்டத்தின் இரண்டாம் பாகத்தில் ஒரு சோதனை எறிதல். பிடித்தால் ஊரில் திறமை உண்டு. பிடிக்காவிட்டால் மன்றம் இத்தனை நாள் சொன்னது ருசுவாகிவிடும். எறிகிற டாஸனுக்கு மட்டும் சொல்லுவது. பிடிக்கிறவனுக்குச் சொல்லக் கூடாது.

"ஏன் சொல்லக் கூடாது?" என்றான் டெல்மர்.

"தெரிஞ்சா மூஞ்சியில தெரிஞ்சுடும். எதிராளி படிச்சுடுவான்," என்றார் கோச்.

"அவனுக்கே தெரியாம எப்படிப் பிடிப்பான்?"

"அதுதான் சோதனை," என்றார் டாக்டர். "உங்க வாய்லேருந்து ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா எறிதல் ரத்து. என்ன சொல்றீங்க?"

டெல்மர் சரி என்றான். வேறு என்ன சொல்வான் பாவம். உள்ளதும் போச்சு என்று ஆகிவிடக் கூடாதே.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெஸ் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது டெல்மருக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"வெஸ்."

"என்னப்பா?"

"நல்லா ஓடு."

"ஓடறது ஒண்ணுதானே எனக்கு," என்று சிரித்துவிட்டுப் போனான்.

டெல்மர் மைதானத்துக்குப் போகவில்லை. பையனுடைய பெயர் வருகிற நேரத்தில் ரெட்டாவின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று விடுதிக்குப் போனான். சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தான். ரெட்டாவின் தலையை வாரிவிட்டான். ரேடியோவைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தான். முதல் பாகம் வழக்கம்போலப் போயிற்று. கக்கம், கும்பல், விழுதல். இரண்டாம் பாகத்தில் கிம்பிரோவின் குரல் ஏறியது.

"டாஸன் பின்னால போறான். இன்னும் பின்னால போறான். மக்களே, நான் பாக்கறது நிஜமா? கையைத் தூக்கறான். எறிஞ்சுட்டான். இந்த வருஷத்துல மொதத் தடவையா எறிஞ்சுட்டான்யா. வலது ஓரம். வெஸ் ஹாஸ்கெட். வெஸ் ஹாஸ்கெட் தனியா ஓடறான், பக்கத்துல ஒரு குருவி இல்லை. அழகான பந்து. வெஸ், திரும்புடா. திரும்பு தம்பி. திரும்பு."

டெல்மர் ரெட்டாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் உதடு அசைந்தது. இப்ப, என்றாள்.

"திரும்பலை," என்றார் கிம்பிரோ. "முதுகுல பட்டுக் கீழ விழுந்துடுச்சு. அவன் இன்னும் ஓடிக்கிட்டே இருக்கான், மக்களே. கோட்டைத் தாண்டியும் நேரா பாத்துக்கிட்டு ஓடறான். அவனுக்கு யாரும் சொல்லலை போலிருக்கு."

ரேடியோவுக்குள் ஊரே சிரித்தது. டெல்மர் பொத்தானைத் திருகி அணைத்தான்.

ரெட்டாவின் பாதி முகம் மலர்ந்திருந்தது; பெயர் வந்த பிறகு ரேடியோ சொன்னதெல்லாம் அவள் மனசில் ஏறவில்லை. "சொன்னான்," என்றாள். "வெஸ்னு... சொன்னான்."

"ஆமா ரெட்டா. சொன்னான்."

"பிடிச்சானா?"

இருபது வருஷக் கல்யாணத்தில் அவளிடம் அவன் பொய் சொன்னதில்லை. சொல்லத் தெரியாது என்பதுதான் உண்மை. சொன்னால் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். இப்போது அவளுக்குக் கண் மங்கல்.

"பிடிச்சான்," என்றான்.

அவள் போர்வைக்குள் கையை விட்டுச் சுண்ணாம்புக் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

ஆட்டம் முடிந்து பையனை அழைத்து வர மைதானத்துக்குப் போனான். எல்லோரும் போன பிறகுதான் வெஸ் வெளியே வந்தான். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினான்.

"யாருப்பா எறியச் சொன்னது?"

"நான்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"சொன்னா எறிய மாட்டேன்னாங்கடா."

வெஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா கேட்டாளா?"

"பேரைக் கேட்டா. நீ பிடிச்சேன்னு சொல்லியிருக்கேன்."

இரண்டு பக்கமும் பறிக்காத பருத்தி வெளுத்துக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க டெல்மர் முற்றத்தில் புகை மூட்டி மாட்டிறைச்சி வேகவைத்தான். கண் சிவந்ததற்குப் புகையைக் காரணம் சொல்லலாம். முதல் ஆளாகப் பேச வேண்டும், தலையைத் திருப்பாதே என்று சொன்னதும் நீங்கள்தானே என்று கேட்க வேண்டும், அந்தத் தீர்மானத்துக்கு என் கையும் உயர்ந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இதற்குத்தான் அத்தனை விறகும் எரிந்தது. திங்கட்கிழமை மிஸ் ஐடா மூடியைத் திறந்து குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

"முதல் பேச்சு உனக்குத்தான் தம்பி."

கூடத்துக்குள் பாத்திரத்தோடு நுழைந்தான். மேஜைக்குப் போவதற்குள் மிஸ்டர் டவ்டி எழுந்து கையை உயர்த்தினார்.

"சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரே ஒரு தீர்மானம். ஆறிடப் போகுது, சீக்கிரம் முடிச்சுடலாம். மன்றம் நடத்தின சோதனையில் பிடிக்கிற திறமை இந்த ஊரில் இல்லைன்னு வருத்தத்தோட உறுதியாகுது. அதனால அடுத்த வருஷத்திலேருந்து பிடிக்கறவங்க இல்லாமலே அணி ஆடும். சோதனையைத் துணிச்சலா நடத்தினதுக்கு மன்றம் தன்னையே பாராட்டிக்குது. ஆதரிக்கறவங்க கை தூக்குங்க."

எல்லாக் கைகளும் மேலே போயின.

"டெல்மர் கை தூக்கலையே," என்றார் கோழிக்காரர்.

"ரெண்டு கையிலயும் பாத்திரம் இருக்கே, பாவம். இல்லாட்டி தூக்கியிருப்பார்," என்றார் மிஸ்டர் டவ்டி. "ஏகமனதா நிறைவேறிச்சுன்னு எழுதிக்கோங்க."

டெல்மர் வாயைத் திறந்தான்.

"இன்னும் சாப்பாடு ஆரம்பிக்கலை தம்பி," என்றாள் மிஸ் ஐடா.

அவன் பாத்திரத்தோடு அப்படியே திரும்பி நடந்தான். மன்றம் மொத்தமும் எழுந்து நின்றது. அவனுக்காக மன்றம் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"டெல்மர், இறைச்சியை வச்சுட்டுப் போங்க," என்றார் கோச்.

விடுதியில் வெஸ் அம்மாவின் அறையில் இருந்தான். ஜன்னலைப் பார்த்து நின்று, கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். டெல்மர் பாத்திரத்தை நாற்காலியில் வைத்தான். மூன்று பேர் எத்தனை மாசம் தின்றாலும் தீராது அந்த இறைச்சி.

"வெஸ்... பிடிச்சான்," என்று ரெட்டா டெல்மரிடம் சொன்னாள், அவனுக்குத் தெரியாத செய்தி மாதிரி. ஆட்டத்தன்றைக்கு இருந்த சந்தோஷம் அவளுக்கு இன்னும் குறையவில்லை. படுக்கையில் கழற்றிப் போட்டிருந்த காலுறையை இடது கையால் இழுத்து, வயிற்றின் மேல் வைத்துச் சுருட்டினாள். வெகுநேரம் சுருட்டினாள். உருண்டையாகிவிட்டது.

"இப்ப," என்றாள், எறிந்தாள்.

இடது கைக்கு அது நல்ல எறிதான். காலுறை வெஸ்ஸின் முதுகில் பட்டுத் தரையில் விழுந்தது. அவன் திரும்பவில்லை. கிண்ணம் நிரம்பித் தண்ணீர் மேஜையில் ஓடிக்கொண்டிருந்தது. தோள்கள் மட்டும் குலுங்கின.

"இப்ப வெஸ்," என்றாள் ரெட்டா மறுபடியும், வெறும் கையை நீட்டிக்கொண்டு.

டெல்மர் குனிந்து காலுறையை எடுத்தான். பிரிந்திருந்ததை நன்றாகச் சுருட்டி அவள் இடது கையில் வைத்தான்.